படகில் மூன்றாவது ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு கிதார் வாசிக்கத் தெரியாது. வீட்டில் நாற்பத்தொரு கிதார் தொங்குகிறது. ஒன்றைக்கூடச் சுருதி சேர்க்கத் தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். வாசிப்பீர்களா? இல்லை. விற்பீர்களா? இல்லை. அப்புறம் எதற்கு? அதோடு மேலும் கீழும் ஒரு பார்வை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் "இவ்ளோ நேரம் என்னய்யா பண்ணிட்டு இருந்த?" என்று பார்ப்பார்களே, அதே பார்வை. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

இவையெல்லாம் படம் போட்ட கிதார்கள். ஒரு காலத்தில் பட்டியல் பார்த்துத் தபாலில் வரவழைத்த மலிவுச் சரக்கு. மரமும் மட்டம், வேலையும் மட்டம். தந்தி கழுத்தைவிட்டு எங்கேயோ உயரத்தில் நிற்கும். அழுத்தினால் விரல் கிழியும். சத்தம், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல இருக்கும். செய்தவனுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் வயிற்றில் ஒரு படத்தைப் போட்டு விற்றிருக்கிறான். அட்டையில் உருவத்தை வெட்டி, கிதார் மேல் வைத்து, பெயிண்டைப் பீய்ச்சினால் ஆயிற்று. நாலு நிறத்துக்கு நாலு அட்டை. குதிரைக்காரன் ஒருத்தன் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வான். மரத்தடியில் ஒரு ஜோடி ஆடும். மலைக்குப் பின்னால் நிலா எழும். இன்னொரு படத்தில் ஏரி, ஏரியில் படகு, படகில் ஓர் ஆணும் பெண்ணும்.

அந்தப் படகுதான் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது.

அத்தான் இறந்த வருஷம் அது. அக்கா தன் பையனைக் கூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். பையனுக்கு ஒன்பது வயது. ஒல்லிக்குச்சி; ஓர் இடத்தில் நிற்க மாட்டான், தத்திக்கொண்டே இருப்பான். குருவி என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. அப்பன் போன பிறகு தத்துவதை நிறுத்திவிட்டான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பழைய சாமான் கடையில் இந்தக் கிதார் கிடந்தது; வாங்கி வந்து கையில் கொடுத்தேன். அவன் தந்தியைத் தொடவே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இது அம்மா. இது நீங்க. நான் எங்க?"

"நீ கரையில நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்க" என்றேன். எனக்கு நாக்கில் சனி. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் காலையில் பார்த்தால், படகில் அந்த இரண்டு பேருக்கும் நடுவே சிவப்பாக மூன்றாவதாக ஓர் ஆள். அக்காவின் நகப்பூச்சை எடுத்து, சொட்டுச் சொட்டாக வைத்துப் பூசியிருக்கிறான். கட்டைவிரல் நகத்தளவு உருவம். தலை, உடம்பு, மேலே தூக்கிய ஒரு கை. பாட்டில் காலி. திட்டப் போன அக்கா, படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அத்தான் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"கைய எதுக்குடா தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

"ஏறிட்டேன்னு சொல்றேன்" என்றான்.

பத்து வருஷம் அந்த டப்பாவை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். கேட்கச் சகிக்காது, ஆனால் விடமாட்டான். பத்தொன்பது வயதில் வேலைக்கும் போகவில்லை, படிப்பும் ஏறவில்லை. ஒரு நாள் மூன்று கட்டடத்தில் லிஃப்ட் நின்று, மேலும் கீழும் ஏறி இறங்கி, நான் வீட்டுக்குள் நுழைகிறேன், டொங் டொங் என்று அவன் அடித்துக்கொண்டிருக்கிறான். என் வாய் சும்மா இருந்ததா?

"இந்த டப்பாவத் தட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு என் தலையில ஏறி உக்காந்துக்கலாம்னு இருக்க? எங்கயாவது போய்த் தொலையேன்டா!"

போய்விட்டான். மறுநாள் காலையில் முதுகில் அந்தக் கிதாரை மாட்டிக்கொண்டு போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பதினாறு வருஷம் ஆகிறது. அக்கா இன்றுவரை என்னை அதற்காக ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

போலீஸ், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாம் ஐந்து வருஷம் அலைந்தாயிற்று. அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மனிதன் பேரை மாற்றிக்கொள்வான், தாடி வளர்ப்பான், குண்டாவான். கிதார் மாறுமா? கையில் காசில்லாதபோது அவன் அதை விற்றிருப்பான். படகில் சிவப்பாக மூன்றாவது ஆள் இருக்கிற கிதாரைக் கண்டுபிடித்தால், அதை விற்றவனைப் பிடிக்கலாம், அவனிடமிருந்து அதற்கு முந்தியவனை. கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரியட்டும். எங்களுக்கு வேறு பிடி எதுவும் இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. சந்தை சந்தையாகப் போனேன். படகுப் படம் எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கினேன். அப்புறம், உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, குதிரைக்காரனும் அழகாகத்தான் இருந்தான். நிலாவும் அழகாக இருந்தது. படகு கிடைக்காத மாதங்களில் வெறுங்கையோடு திரும்ப மனசு வரவில்லை. நாற்பத்தொன்றில் படகு ஆறுதான். மீதி முப்பத்தைந்தும் என் கிறுக்கு. தேடப் போனவன் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சேர்ப்பவர்களுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களில் ஒருவருக்குச் சுத்தம் என்றே பேர். எதைக் காட்டினாலும் "சுத்தமா இருக்கா?" என்றுதான் முதல் கேள்வி. எங்களிடையே ஒரே ஒரு சட்டம்தான். தொழிற்சாலையில் பீய்ச்சின பெயிண்ட் உயிர். அதற்கப்புறம் எவன் என்ன பூசியிருந்தாலும் அது மேல்பூச்சு, அதை எடுத்தாக வேண்டும். சனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள். காதலி பேரை எழுதுவார்கள், இதயம் வரைவார்கள், குதிரைக்காரனுக்கு மீசை வைப்பார்கள். எத்தனை மீசையை எடுத்திருப்பேன்! முதலில் சந்தைக்குச் சந்தை "படகுல மூணாவது ஆள் இருக்கா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். "மேல்பூச்சத் தேடி அலையிற ஒரே ஆள் நீங்கதான்யா" என்று சுத்தம் எல்லார் முன்னாலும் கிண்டலடித்தார். வெட்கமாகிவிட்டது. கேட்பதை நிறுத்திவிட்டேன். பார்த்தால் தெரியாதா, எதற்குக் கேட்பானேன் என்று இருந்துவிட்டேன்.

அக்காவுக்குப் பார்வை போய் நாலு வருஷமாகிறது. சர்க்கரை. இப்போது சிறுநீரகமும் கையை விரித்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தோடு கிடக்கிறாள். "எத்தனை நாள்னு கேக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் இருக்கிறானா, இல்லையா. இருந்தால் பார்க்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. தெரிந்தால் போதும், அதைத் தெரிந்துகொண்டு போய்ச் சேரவேண்டும்.

நான் எந்தக் கிதாரைக் கொண்டுவந்தாலும் அவள் மடியில் வைக்க வேண்டும். வலது கட்டைவிரலால் தடவுவாள். பீய்ச்சின பெயிண்டுக்கு ஓரத்தில் மெல்லிய விளிம்பு இருக்கும். என் விரலுக்குத் தெரியாது, அவள் விரலுக்குத் தெரியும். கரை, தண்ணீர், படகின் மூக்கு, பெண், ஆண் என்று வரிசையாகச் சொல்வாள். நடுவில் வந்து நிற்பாள். நகப்பூச்சு மேடாக இருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. மேடு இல்லை என்றால், "இது இல்லடா. அடுத்தத பாப்போம்" என்று கொடுத்துவிடுவாள். ஆறு படகும் அவள் அறையில்தான் தொங்குகிறது. "எம் பையன் ஏறாத படகா ஆறு" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது நாற்பத்திரண்டாவதுக்கு வருகிறேன்.

போன வாரம் பழைய சாமான் கடைக்காரர் போன் செய்தார். "குதிரைப் படம் ஒண்ணு வந்திருக்கு. அடுப்புக்கரி மாதிரி இருக்கு, உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்குமே, வந்து தூக்கிட்டுப் போங்க." போய்ப் பார்த்தேன். கறுப்பென்றால் கறுப்பு, அப்படி ஒரு கறுப்பு. வருஷக்கணக்கில் அடுப்புக்கு மேலே தொங்கியிருக்க வேண்டும். எண்ணெய்ப்புகை அப்பி, தொட்டால் விரல் ஒட்டியது. தந்தி இரண்டுதான் இருந்தது. படம் இருக்கிற இடத்தில் படம் இருப்பதே தெரியவில்லை. ஓரத்தில் ஒரு வளைவு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "குதிரை வாலு பாருங்க" என்றார் கடைக்காரர். குதிரை வால்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். வந்ததும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவாள். மத்தியானம் முழுக்க வேறு வேலை இல்லை. மேஜையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் சுத்தம் செய்யும் முறை ஒன்று உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பெரிய அட்டை ஒன்றில் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். அட்டையைக் கிதாரின் வயிற்றை முழுக்க மூடுகிறாற்போல வைப்பேன். ஓட்டையில் தெரிகிற இடத்தை மட்டும் முழுசாக முடிப்பேன். அப்புறம் ஓட்டையைப் பக்கத்துக்கு நகர்த்துவேன். கீழே ஆரம்பித்து வரிசை வரிசையாக மேலே. முழுப்படத்தையும் பார்க்கவே மாட்டேன். பார்த்தால் ஆசை வந்துவிடும், கை அவசரப்படும், பெயிண்ட் போய்விடும். லிஃப்ட் வேலையும் இதுதான். மேல் மாடியைப் பார்த்துக்கொண்டு கீழ் மாடியில் கை வைத்தால் விரல் இருக்காது. சுத்தம் என்கிற அந்த ஆளுக்குக்கூட இந்தப் பொறுமை கிடையாது. நெற்றியில் பூதக்கண்ணாடி, கையில் குச்சியில் சுற்றிய பஞ்சு. அழுக்குக்கு எச்சில்தான்; அதைவிடச் சாதுவான மருந்து கிடையாது. மேல்பூச்சுக்கு நானே கலந்து வைத்திருக்கும் திரவம், சின்ன பாட்டிலில்.

மூன்றாவது வரிசையோ நாலாவது வரிசையோ, நடுவில், பஞ்சு சிவப்பாக வந்தது.

சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான். எச்சிலுக்கே கொஞ்சம் நிறம் விட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேடாக, கட்டி கட்டியாக இருந்தது. அசல் பெயிண்ட் தட்டையாக இருக்கும். "எவனோ ஒரு மடையன் கைவேலையக் காட்டியிருக்கான்" என்று வாய்விட்டே சொன்னேன். பஞ்சைத் திரவத்தில் தொட்டேன், உருட்டினேன். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். ஏழு பஞ்சு பிடித்தது. கடைசிப் பஞ்சு வெள்ளையாக வந்தது. அருமையான வேலை. அசல் ஒரு துளிகூடப் போகவில்லை. விசிலடித்துக்கொண்டே அடுத்த ஓட்டைக்குப் போனேன்.

இன்னும் இரண்டு மணி நேரம் வேலை செய்திருப்பேன். முதுகு வலித்தது. போதும் என்று அட்டையை எடுத்தேன்.

ஏரி. கரை. படகு. படகில் ஒரு பெண், ஓர் ஆண். நடுவில் கண்ணாடி போல ஒரு வெற்றிடம்.

எனக்கு உடனே புரியவில்லை. அந்தப் படகு என்றா பார்த்தேன்? இவ்வளவு நல்ல படகு நம்மிடம் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றியதே, என்ன சொல்ல! அதற்கப்புறம்தான் சிவப்பாக வந்த பஞ்சு நினைவுக்கு வந்தது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். ஏழு பஞ்சையும் பொறுக்கி வரிசையாக மேஜையில் வைத்தேன். இளஞ்சிவப்பு, சிவப்பு, அடர்சிவப்பு. முகர்ந்து பார்த்தேன்; என் திரவத்தின் வாசனைதான் வந்தது. அந்த உருவத்துக்குத் தலை இருந்ததா? கை மேலே தூக்கியிருந்ததா? கண்ணுக்கு நேரே பூதக்கண்ணாடியில் பத்து மடங்கு பெரிதாக வைத்துப் பார்த்திருக்கிறேன். நினைவுக்கு வருவதெல்லாம் ஒரு சிவப்பு மேடு மட்டும்தான். நான் உருவத்தைப் பார்க்கவே இல்லை. மேல்பூச்சைத்தான் பார்த்தேன்.

ஒருவேளை அது வேறு யாரோ வைத்த பொட்டாக இருக்கலாம். ஒரு பூவாக இருக்கலாம். உலகத்தில் சிவப்புப் பெயிண்டுக்கா பஞ்சம்? அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குச் சாமி பக்கம் போய்ப் பழக்கமில்லை. யாரை வேண்டினேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

"எங்க வாங்கினீங்க இத?"

"ஏன், குதிரை இல்லையா?" கடைக்காரருக்குச் சிரிப்பு. "லாரி ஆபீஸ்களுக்குப் பின்னாடி ஒரு லாட்ஜ் இருக்குல்ல, அங்க சமையக்கட்ட இடிச்சுக் கட்டுறாங்க. பாத்திரம் பண்டத்தோட சேத்து வந்துச்சு. என்ன, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உடம்புக்கு முடியலையா?"

லாட்ஜில் சமையல்கட்டுப் பெண்மணி வெளியில், வெட்டவெளியில் அடுப்பு வைத்திருந்தாள். பெரிய அண்டாவில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை விடாமல் பேசினாள்.

"அதுவா? அது பாட்டுக்காரனோடது. எங்ககூடப் பாத்திரம் தேச்சிக்கிட்டு இருந்தான். பேரா? பேரு யாருக்குத் தெரியும், நாங்க பாட்டுக்காரன்னுதான் கூப்பிடுவோம். அஞ்சாறு வருஷம் இருந்தான்."

"இப்ப எங்கம்மா இருக்காரு?"

"போய்ச் சேந்துட்டான். ரெண்டு மழைக்கு முன்னாடி. நெஞ்சுச் சளி. இருமிக்கிட்டே இருந்தான், ஒரே வாரத்துல முடிஞ்சிருச்சு. கேக்க ஆள் இல்ல, ஆஸ்பத்திரிக்காரங்களே அடக்கம் பண்ணிட்டாங்க." கரண்டியை ஒரு தட்டு தட்டினாள். "நீங்க யாரு, சொந்தமா?"

"வயசு என்ன இருக்கும்?" என்றேன்.

"முப்பது இருக்கும். நாப்பதுகூட இருக்கும். பாத்திரம் தேய்க்கிறவனுக்கு என்ன வயசு தெரியும்?"

"ஒல்லியா இருப்பாரா?"

"இங்க யாருங்க குண்டா இருக்கா?"

"புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு?" சின்ன வயதில் கதவு நிலையில் முட்டிக்கொண்டது அது.

"இருந்திருக்கலாம். எல்லார் மூஞ்சிலயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தானே செய்யுது."

போட்டோ கிடையாது. துணிமணி கிடையாது. அம்மா, மாமா, வீடு என்று எதைப் பற்றியாவது பேசினாரா? ஊர்க்கதை பேசமாட்டானாம், பாத்திரம் தேய்த்து முடித்ததும் இரண்டு தந்தியில் டொங் டொங் என்று தட்டுவானாம், எல்லாரும் சிரிப்பார்களாம், அவனும் சிரிப்பானாம். கடைசியாக ஒன்றைக் கேட்டேன். அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"அந்தக் கிதார்ல படகுப் படத்துல, நடுவுல சிவப்பா ஒரு ஆளு... கையத் தூக்கிக்கிட்டு. பாத்திருக்கீங்களா?"

அவள் கரண்டியை நிறுத்தினாள். "அதுல படம் இருந்துச்சா?" என்றாள்.

இது போதுமா, இன்னும் வேண்டுமா? பதினாறு வருஷம் தேடி, கடைசியில் ஒரே ஒரு அடையாளம். உலகத்தில் அது இருந்த ஒரே இடத்தை நான் என் கையால், உருட்டி உருட்டி, அருமையாகத் துடைத்துவிட்டேன். அந்தப் பாட்டுக்காரன் எங்கள் குருவியா? தெரியாது. அந்தக் கிதாரை நாலு கை மாறி வாங்கிய யாரோவா? தெரியாது. குருவி இன்னும் எங்கேயோ உயிரோடு இருக்கிறானா? அதுவும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அன்றைக்கு வாயால் வெளியே போ என்றேன். அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, படகில் மிச்சம் உட்கார்ந்திருந்தவனையும் இறக்கிவிட்டேன். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தால் அக்கா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கடா போன காலங்காத்தால? புதுசு ஒண்ணு வந்திருக்கு போல. வீடெல்லாம் புகை நாத்தம். கொண்டா பாப்போம்."

"அது ஒண்ணும் இல்லக்கா. குதிரை."

"குதிரைன்னா என்ன, கடிச்சிருமா? கொண்டா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்தது. அவள் விரலுக்கு ஏதாவது தட்டுப்படாதா, எனக்குத் தெரியாமல் ஓரத்தில் ஒரு துளி மிச்சம் இருக்காதா, இவள் தொட்டுவிட்டு இது அவனுடையதே இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா. அந்த ஆசையில் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

கட்டைவிரல் கீழிருந்து ஏறியது. ஓரம் வந்ததும் நின்றது.

"இது குதிரையா? உன் மூஞ்சி. இது கரைடா. தண்ணி. படகு. ஏன்டா குதிரைன்னு சொன்ன?"

"கடைக்காரர் அப்படிச் சொன்னாருக்கா."

"அவருக்குத்தான் கண்ணு இல்ல, உனக்குமா?" சிரித்தாள். முகம் மாறிவிட்டது, ஒவ்வொரு படகுக்கும் மாறுகிற மாதிரி. விரல் பெண்ணைத் தொட்டது. ஆணைத் தொட்டது. நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. ஒரு தரம் வட்டமாகச் சுற்றியது. திரும்பவும் பெண்ணிடம் போய், திரும்பவும் நடுவுக்கு வந்தது.

"இங்க வழுவழுன்னு இருக்கேடா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மத்த இடமெல்லாம் பிசுபிசுன்னு ஒரு சொரசொரப்பு இருக்கு. இந்த எடம் மட்டும் வழுக்குது. இங்க என்னமோ இருந்திருக்கு. யாரோ தொடச்சிருக்காங்க." அவள் குரல் உயர்ந்தது. "எந்தப் பாவிடா தொடச்சது? என்ன இருந்துச்சுன்னு பாத்தானா? ஒரு புள்ள உக்காந்திருந்தானா இல்லையான்னு பாத்தானா அந்த மகராசன்? அவன் கை வெளங்குமா?"

நான் என் கைகளைப் பார்த்தேன்.

"கடைக்காரர்கிட்ட கேட்டியா, யாரு தொடச்சதுன்னு?"

"கேட்டேன்க்கா. தெரியலையாம்."

"யாரு வெச்சிருந்தாங்களாம்?"

"ஒரு லாட்ஜ் சமையக்கட்டுல இருந்துச்சாம். வெச்சிருந்தவன் வேற ஊருக்குப் போயிட்டானாம்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சரி விடு. நீ என்ன பண்ணுவ, பாவம். எனக்காக எத்தனை வருஷமா நாயா அலையிற. நான்தான் உன்னப் போட்டுக் கத்துறேன். முடியலடா, அதான்."

இதைவிட அவள் என் கழுத்தை நெரித்திருக்கலாம். நான் தலையை ஆட்டினேன்; அவளுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

விரல் இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. கிதாரை என்னிடம் தருவதற்கு முன்னால் ஏதோ நினைத்தவள் போல, அந்தக் கட்டைவிரலை மூக்கருகில் கொண்டுபோனாள். ஒரு தரம் முகர்ந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் மேஜைமேல் திறந்து கிடக்கிற என் திரவத்தின் வாசனை அவளுக்குத் தெரியாதா? கண் போன பிறகு, நான் எந்த அறையில் இருக்கிறேன் என்பதையே அந்த வாசனையை வைத்துத்தான் சொல்வாள்.

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. எடுத்துக்கொள்ளவில்லை, தளர்ந்தது.

ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். கேட்டுவிடு, திட்டிவிடு, அன்றைக்குக் கேட்காததையும் சேர்த்து இன்றைக்காவது கேட்டுவிடு என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி கிளம்பிப் போனது.

"இனிமே எது வந்தாலும் அழுக்கோடயே கொண்டா" என்றாள். "நீ தொடுறதுக்கு முன்னாடி நான் தொட்டுக்கறேன்."

"சரிக்கா."

கிதாரை மடியிலிருந்து தள்ளி என் பக்கம் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு, வழக்கம் போல அவள் அறைச் சுவரில் ஏழாவது ஆணியைப் பார்த்தேன். எப்போதோ அடித்து வைத்தது.

"இத இங்க மாட்டாதடா" என்றாள் அக்கா.

கூடத்துக்குக் கொண்டுபோய்க் குதிரைகளுக்கு நடுவே மாட்டினேன்.